விழவில்லை, உட்கார்ந்தேன்

அன்புள்ள மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். திருச்சியில் மாற்றி வைத்த இரண்டு முட்டிகளும் என்னோடு சேர்ந்து சுகமாகவே இருக்கின்றன. அங்கே அந்தக் குளிரில் நீயும் கீதாஞ்சலியும் குழந்தை நர்மதாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை செல்வா. நான் ஒரு வார்த்தை எடுத்தால் நீ பத்து வார்த்தை போடுகிறாய், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதனால் முழுசாகப் படி, படித்து முடித்த பிறகு கோபப்படு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விழவில்லை. உன் சித்தப்பா சாமிதுரை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டாரே, நாலு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தரையிலிருந்து தூக்குவதும் நான் வாயைத் திறந்து கத்துவதுமாக, அதற்குக் கீழே அண்ணி விழுந்துட்டாங்க என்று எழுதியிருந்தாரே, அது சரியில்லை. நான் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. விழுவது வேறு, உட்காருவது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் நீ அங்கே அழுதிருக்கிறாய், மருமகள் அழுதிருக்கிறாள், மறுநாள் விடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து என் மிச்ச வாழ்க்கையை முடிவு செய்துவிட்டீர்கள். முந்திரிக்காட்டைச் சித்தப்பாவுக்குக் குத்தகைக்கு விடுவதாம், வீட்டைப் பூட்டுவதாம், என்னைக் கோயம்புத்தூரில் வயசானவர்களுக்கான ஹோமில் சேர்ப்பதாம். போட்டோ எல்லாம் அனுப்பினாய். லிப்ட் இருக்கிறது, வழுக்காத தரை இருக்கிறது, பிடித்துக்கொள்ளச் சுவர் நெடுகக் கம்பி இருக்கிறது, சாயங்காலம் கைதட்டிப் பாட்டுப் பாட ஆள்கூட வருகிறார்களாம். ஒரு முந்திரி மரம் இல்லை. மாசி முடிவதற்குள் அக்ரிமெண்ட் எழுதிவிடலாம் என்று சித்தப்பாவிடம் நீ சொன்னது, அவர் வந்து என்னிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். காடு என் பேரில் இருக்கிறது, கையெழுத்து நான்தான் போட வேண்டும். போட மாட்டேன். இதுதான் விஷயம். இனிமேல் எழுதுவதெல்லாம் ஏன் போட மாட்டேன் என்பதற்காக.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் இருந்த இருப்பு உனக்கு நினைவிருக்கும். அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போவேன். செந்துறையில் பஸ் வந்து நின்றால் படியைப் பார்த்தே கண் கலங்கும், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைப்பான். காட்டுக்குப் போவதை விட்டேன், கல்யாணம் காதுகுத்துக்குப் போவதை விட்டேன், கடைசியில் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பேன், பாத்ரூமுக்கு எழுந்து போக வேண்டுமே என்று. நீதான் லீவு போட்டு வந்து, திருச்சியில் டாக்டரைப் பார்த்து, பயந்தவளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாய். அதை நான் மறக்கவில்லை, சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். சித்தப்பாவும் ஆஸ்பத்திரியில் என்னோடு கிடந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. முட்டியை மாற்றுவது டாக்டர் வேலை, மடக்க வைப்பது யார் வேலை? தையல் பிரித்த பிறகு தினமும் மடக்க வேண்டும், மடக்கினால் உயிர் போகும். அந்த நாளில் சாயங்காலமானால் ரெங்கம்மாள் வந்துவிடுவாள்.

ரெங்கம்மாளை உனக்குக் காலனியிலிருந்து நம் காட்டுக்கு முந்திரி பொறுக்க வருகிறவளாகத்தான் தெரியும். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம்தான் அவளும் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஊர் புதுசு, மாமியார் புதுசு, காட்டில் வைத்துத்தான் சிரிப்போம். நாலு பேர் இருந்தால் அம்மா என்பாள், மரத்தடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அம்சவள்ளி என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நான் ரெங்கு என்பேன். உன் அப்பா இறந்த பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் மகள் தமிழ்மொழி படித்து, பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். மகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் ரெங்கம்மாள் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டாள், ஆனாலும் பங்குனி சித்திரையில் நம் காட்டுக்கு வராமல் இருக்க மாட்டாள். தமிழ்மொழி ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள், மற்ற நாளெல்லாம் அவள் அம்மா காவல். நான் வலிக்கிறது என்று அழுதால், மடக்கு அம்சவள்ளி, லாடம் அடிக்கறப்ப மாடுகூட இப்பிடிக் கத்தாது என்பாள். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும். அப்படித்தான் மடங்கியது இந்த முட்டி.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், கேள். காட்டுக்கு நடந்து போய் நடந்து வருகிறேன். அரியலூருக்குத் தனியாக பஸ் ஏறுகிறேன். பழைய வலி இல்லை. மழைக்காலத்தில் ஒரு குடைச்சல் உண்டு, தழும்புக்குப் பக்கத்தில் தொட்டால் உணர்ச்சி கொஞ்சம் மட்டு, சில நேரம் நடக்கும்போது உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சம்மணம் போட முடியாது, குத்துக்கால் வைக்க முடியாது, கோலத்தைக் குனிந்தபடி போடுகிறேன், அது அப்படி இப்படித்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பழத்திலிருந்து கொட்டை திருகுவதற்கு உயரமான ஸ்டூல் ஒன்றைக் காட்டில் போட்டிருக்கிறேன். நீ சொன்ன மாதிரி பாத்ரூமில் கம்பி வைத்தாயிற்று, போன் எப்போதும் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது. நியாயமாக நீ சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறேன். என் முட்டியைப் பார்த்துத்தான் ரெங்கம்மாளுக்கும் தைரியம் வந்தது. அவளுக்கும் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. இந்த முந்திரி சீசன் முடியட்டும், நானும் திருச்சிக்குப் போய் மாத்திக்கிறேன், அப்புறம் நீ வந்து என்னை மடக்க வைக்கணும் என்று பொங்கலன்று சொன்னாள். அந்த வாரமே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

செய்தி வந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் காலனிக்கு நடந்தேன். பந்தல் போட்டிருந்தார்கள், நடுவில் அவளைக் கிடத்தியிருந்தார்கள், பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் ஒரு சிவப்பு நாற்காலி வந்தது. யாரோ துண்டால் அதைத் தூசி தட்டிவிட்டு, உக்காருங்கம்மா, உங்களுக்குக் கால் முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் செல்வா, துக்க வீட்டில் பெண்களுக்குத் தரைதான் என்று உனக்குத் தெரியும். இதுவும் உனக்குத் தெரியும், நம் தெருப் பெண்கள் காலனிச் சாவுக்குப் போனால் தெருமுனையில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள், கொஞ்சம் உள்ளே போனவர்களுக்கு நாற்காலி வரும். அந்தச் சிவப்பு நாற்காலி என் முட்டிக்காக வந்ததா, என் தெருவுக்காக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அதில் உட்கார்ந்தால் அவள் தலைமாட்டில் ஒரு விருந்தாளி மாதிரி உயரத்தில் இருப்பேன், யார் தோளும் எனக்கு எட்டாது, என் தோளும் யாருக்கும் எட்டாது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவளுக்கு நான் நாற்காலியிலிருந்தா அழுவது? டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, தரையில் உட்காரக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். எழுந்திருப்பது எப்படி என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காலை நீட்டி, ரெங்கம்மாள் தலைப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் ஒரு நிமிஷம் திகைத்துப்போனார்கள். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு கை என் தோளில் விழுந்தது, அந்தப் பக்கம் ஒரு கை விழுந்தது. அழுதேன் பார், உன் அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

மத்தியானம் எடுக்கிற நேரம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள், நான் எழ முடியவில்லை. பாடையைக் கொண்டுவர வழிவிட வேண்டும், அவசரம். நாலு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள், அதில் வலது கால் முறுக்கிக்கொண்டது, கத்திவிட்டேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்ற உன் சித்தப்பா அதைத்தான் போனில் எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் விழுந்த மாதிரித்தான் தெரிந்திருக்கும் என்று நான் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவரே அரியலூருக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார், வைத்த முட்டி வைத்த இடத்தில் இருக்கிறது, சுளுக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுத் திட்டினார். வரும் வழியில் சித்தப்பா வாயைத் திறந்தார். எவ்வளவு பேர் பார்த்தாங்க தெரியுமா அண்ணி, அங்க போயி தரையில உக்கார்றதா, ஊர் என்ன பேசும் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு என் முட்டியைப் பற்றிய கவலை பாதி, நான் உட்கார்ந்த இடத்தைப் பற்றிய கவலை பாதி. உட்கார்ந்தேன் என்று குரூப்பில் போட்டால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல், விழுந்தேன் என்று போட்டால் ஐயோ பாவம். அதனால் விழுந்துவிட்டேன். நம் காட்டுக்குப் பக்கத்துக் காடு அவருடையது என்பதையும் நீ கொஞ்சம் சேர்த்து யோசி, நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நீ அன்று போனில் கத்தினாயே, உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று, அது என் நெஞ்சிலேயே நிற்கிறது. பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன், போன வருஷம் நீ வாசலில் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாயே, நீ நிஜமாகவே விழுந்தாய், உன் வீட்டைப் பூட்டி உன்னை எங்காவது சேர்க்கச் சொல்லி நான் கீதாஞ்சலிக்கு போன் போட்டேனா? வயசு என்ற ஒன்று வந்துவிட்டால் உட்காருவதுகூட விழுவதாகிவிடுமா? புது முட்டியை நீ எனக்கு எதற்காகப் போட்டுக் கொடுத்தாய், பீரோவில் வைத்துப் பூட்டவா? நடக்கத்தானே போட்டாய், நடக்கிறேன். எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடு. வலியில்லாமல் ஒரு ரூமுக்குள் உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பழைய முட்டியே போதுமே, அதை எதற்கு அறுத்து எடுத்தோம்?

சுளுக்கு விட்டதும் நான் செய்த முதல் வேலை, தமிழ்மொழியைப் பார்க்கப் போனது. கருமாதி முடியாமல் அவள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அதனால் நான் போனேன். அம்மா போன துக்கத்தில் முகமெல்லாம் வீங்கிக் கிடந்தவள், என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது முடித்த கையோடு திட்ட ஆரம்பித்தாள். உங்களை யாரு பெரியம்மா தரையில உக்காரச் சொன்னா, எங்க அம்மா இருந்திருந்தா உங்களை உரிச்சிருக்கும் என்றாள். திட்டு, ஆனால் எழுந்திருக்கவும் சொல்லிக்கொடு என்றேன். முடியாது என்றாள், டாக்டர் வேண்டாம் என்றதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. இனிமேல் இந்த ஊரில் சாவே விழாதா, நான் உட்காரத்தான் போகிறேன், எழத் தெரியாமல் உட்காருவது நல்லதா, தெரிந்து உட்காருவது நல்லதா என்று கேட்டேன். அப்புறம் எழுந்துபோய்த் திருச்சி டாக்டருக்கே போன் போட்டுப் பேசினாள். அவரும் முதலில் முடியாது என்று சொல்லி, அப்புறம் எப்போதாவது ஒரு தடவை, பக்கத்தில் ஆள் இருந்தால், பிடிமானம் இருந்தால் என்று இறங்கி வந்தார்.

அதன்பிறகு சாயங்காலமானால் நான் அவள் வீட்டுக்குப் போனேன், அவள் அம்மா நம் வீட்டுக்கு வந்த மாதிரி. ரெங்கம்மாள் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும், அங்கேயே பாயைப் போட்டு என்னை உட்கார வைப்பாள். பக்கவாட்டில் திரும்பு, கையை ஊன்று, தலையணை மேல் ஒரு முட்டியை வை, இரண்டு கையையும் நாற்காலியில் அழுத்து, மற்றக் காலை முன்னால் ஊன்றி எழுந்திரு. கேட்க லேசாக இருக்கும், முதல் நாள் கண்ணில் பூச்சி பறந்தது. வேண்டாம் பெரியம்மா என்று அவளே சொன்னாள். எனக்கோ அந்தப் படத்திலிருந்து ரெங்கம்மாள் லாடம் அடிக்கிற மாட்டை வைத்துக் கேலி பேசுகிற மாதிரியே இருந்தது. விடவில்லை. பிடித்துவிட்டேன்.

கருமாதியன்று நம் பங்காளிகள் ஆண்கள் சிலபேரும் வந்திருந்தார்கள், சித்தப்பாவும் வந்து தெருமுனையில் நின்றார். அதே சிவப்பு நாற்காலி வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் போடச் சொன்னேன். படையலுக்கு முன்னால் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். அழுகை முடிந்து எல்லோரும் எழுந்தபோது நாலு பேர் என்னைத் தூக்க ஓடி வந்தார்கள், தமிழ்மொழி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். நான் தெருமுனையைப் பார்த்தேன். சித்தப்பா கை போனை எடுக்கலாமா வேண்டாமா என்று சட்டைப் பையில் இருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தம்பி, இப்ப எடுங்க என்றேன். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள், அவரால் எடுக்காமல் இருக்க முடியவில்லை. திரும்பினேன், கையை ஊன்றினேன், தமிழ்மொழி போட்ட தலையணையில் முட்டியை வைத்தேன், அவர்கள் எனக்கு உட்காரப் போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஒரு கை என்மேல் படவில்லை. கால் நடுங்கியது, அதையும் மறைக்கவில்லை. எல்லாம் அந்த போனில் இருக்கிறது.

அந்த வீடியோ குரூப்பில் வந்ததா செல்வா? வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது காட்டில் பூ இறங்கியிருக்கிறது, பனி ஜாஸ்தியாக இல்லாவிட்டால் இந்த வருஷம் நல்ல காய்ப்பு. சித்திரையில் லீவு கிடைத்தால் மூன்று பேரும் வாருங்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு வராதே, முந்திரி பொறுக்க வா. நீயும் குனிந்து பார், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உன் முட்டி என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று அப்போது தெரியும். பனியில் அந்த வழுக்காத செருப்பைப் போட்டுக்கொள், நர்மதாவுக்குக் காதை மூடிவிடு, கீதாஞ்சலியிடம் நான் அவள்மேல் கோபமாக இல்லை என்று சொல். உன் அப்பாவும் நம் குலசாமியும் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருந்து, நீங்கள் நீண்ட ஆயுளோடும் உறுதியான கால்களோடும் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, சித்தப்பாவுக்கு நீயே போன் போட்டு அக்ரிமெண்ட் கிடையாது என்று சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் செய்தி.

முதல் பக்கங்களை மேஜையில் எழுதினேன். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கூடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன், எதிரில் தமிழ்மொழி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் நாற்காலி இருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோய் நானே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு
என்றும் உன் நினைவோடு, தன் காலில் நிற்கும் உன் அம்மா,
அம்சவள்ளி